திரைச்சீலை மட்டும் தெளிவாக

அத்தியாயம் 14

கரண்ட் இல்லாத விடிகாலைகளில்தான் எவெலியோ வீட்டுக்குள் தைரியமாக நடப்பார். இருட்டில் எல்லோரும் தட்டுத்தடுமாறுவார்கள். அவர் ஒருவர் தடுமாறுவது தனியாகத் தெரியாது.

டாக்டர் சொல்லி ஒன்பது நாள் ஆகிவிட்டது. வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில், நடுவே ஒரு காசளவு வட்டம் மிச்சம். அதுவும் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி. "நரம்பு செத்தா செத்ததுதான் எவெலியோ. சொட்டு மருந்து போட்டு நிறுத்தற கட்டமெல்லாம் தாண்டிடுச்சு. இந்த வருஷக் கடைசி வரைக்கும் இது தாங்கினாலே பெரிசு" என்று அந்த டாக்டரம்மா சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் வெள்ளிக்கிழமை விமானத்தில் மனைவி இடால்மிஸ் ஏறமாட்டாள்.

இடால்மிஸின் தாத்தா ஸ்பெயினிலிருந்து ஹவானாவுக்கு வந்தவர். அந்த உறவைக் காட்டி அவளுக்கும் மகள் லியானெத்துக்கும் பாஸ்போர்ட் வாங்க நாலு வருஷம் பிடித்தது. ஸ்பெயினில், சரகோசாவில் இருக்கும் அவள் தங்கை டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். "நீங்க முன்னாடி போங்க, நான் ஒரு வருஷத்துல வந்து சேர்றேன்" என்று புருஷன் சொன்னதை நம்பித்தான் இடால்மிஸ் பெட்டி கட்டுகிறாள். கண் தெரியாத மனிதனை மூன்றாவது மாடியில் ஒண்டியாக விட்டுவிட்டுப் போகிற ஜென்மம் இல்லை அவள். அவள் போகவில்லை என்றால் மகளும் போகமாட்டாள். பெண் இந்த ஊரிலேயே, இந்த இருட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

இன்று செவ்வாய். இன்னும் மூன்று நாள் ஒப்பேற்ற வேண்டும். அதிலும் இன்றுதான் கண்டம். லியானெத்தின் பதினைந்து வயதுப் படங்கள் இன்று. விருந்து இல்லாமல்கூட இந்த ஊரில் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து நிறையலாம். கவுன் போட்ட படம் இல்லாமல் நிறையாது. எடுக்க வேண்டியவர் அப்பா. ஊரில் பாதிப் பெண்களைப் படம் எடுத்தவர், சொந்தப் பெண்ணை எடுக்கமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்?

"என் ராசா, கையை நீட்டு."

ஜன்னலோரத்தில் இடால்மிஸின் வேலை மேஜை. கடிகாரம் பழுது பார்ப்பது அவள் தொழில். நீட்டிய கையில் கனமாக, குளிர்ச்சியாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

"உன் பொண்டாட்டியைவிட வயசான சரக்கு. இப்ப பாரு, என்னைவிடப் பளபளன்னு இருக்கு."

சோவியத் காலத்து ஹீலியோஸ் லென்ஸ் அது. எவெலியோ வேலை பார்த்த பத்திரிகையில் ஃபிலிமைக் கைவிட்டபோது, குப்பைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கிவந்தார். கேமரா புதியது. டிஜிட்டல். சரகோசாக்காரி மூன்று வருஷம் முன்பு அனுப்பியது. உடம்பு மட்டும் வந்தது, லென்ஸ் வரவில்லை. "அது தனியா விக்கறாங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள் போனில்.

புது உடம்பில் பழைய லென்ஸ் உட்காருவது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி எழுந்து படுக்க இடம் வேண்டும். அதனால் லென்ஸ் ஃபிலிமிலிருந்து நாலரை சென்டிமீட்டர் தள்ளி உட்காரும். புதுக் கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது, உடம்பும் ஒல்லி. மிச்சமிருக்கும் இடைவெளியை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பினால் போதும். அந்தக் குழாயை இடால்மிஸே அலுமினியத்தில் கடைந்து, மரை வெட்டிக் கொடுத்திருந்தாள்.

ஆனால் ஒன்று. புது லென்ஸ் என்றால் கேமராவே முகத்தைத் தேடிப்பிடித்துக் கண்மேல் ஃபோகஸ் வைக்கும். இது அந்தப் பேச்சைக் கேட்காது. மனிதன்தான் பார்த்துப் பார்த்து வளையத்தைத் திருப்ப வேண்டும். உதவிக்கு, தெளிவாக விழும் விளிம்புகளின் மேலெல்லாம் கேமரா திரையில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். பிப்ரவரி வரை அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டே எவெலியோ காலத்தை ஓட்டினார். மார்ச்சில் சிவப்பும் மங்க ஆரம்பித்தது.

அப்போது அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கயிறு. அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒரு நுனி கேமராவில் கட்டியிருக்கும், மறு பக்கத்தை எதிரே நிற்பவர் இழுத்துத் தன் கண்ணோரத்தில் வைக்க வேண்டும். முடிச்சைத் தடவினால் தூரம் தெரிந்துவிடும். பிறகு லென்ஸ் வளையத்தின் விளிம்பில் இருக்கும் பற்கள். வளையத்தை முடிவிலி வரை, அதாவது தூரத்துக் காட்சிக்கான கடைசி நிறுத்தம் வரை, திருப்பி முட்டவிட்டு, அங்கிருந்து கட்டைவிரலால் எண்ணுவார். ஆறு பல் வந்தால் மூன்று மீட்டர். ஒன்பது வந்தால் இரண்டு. பத்தொன்பது வந்தால் ஒரு மீட்டர். பார்வை முழுக்க மங்குமுன் ஒரு வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்த கணக்கு. கயிறு எதற்கு என்று கேட்டவர்களிடம், பழைய ஸ்டுடியோ வழக்கம் என்று சொல்லிவைத்தார். எல்லோரும் நம்பினார்கள். மூன்று மாதம் ஒரு படம் தப்பவில்லை.

"பூஞ்சை மொத்தமும் போயிடுச்சு. காஞ்ச கிரீஸையும் வழிச்சு எடுத்துட்டுப் புதுசு வெச்சிருக்கேன். திருப்பிப் பாரு, வெண்ணெய் மாதிரி சுத்தும்" என்றாள் இடால்மிஸ்.

திருப்பினார். வெண்ணெய் மாதிரிதான் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு. உள்ள இருக்கற மரை, ஜாடி மூடி மாதிரி ஒத்தை மரை இல்ல. ஆறு மரை ஒண்ணாச் சேர்ந்து சுத்திக்கிட்டுப் போகுது. எதுல ஏத்தினாலும் ஏறும், ஏறினா நல்லாவே சுத்தும். ஆனா சரியானது ஒண்ணுதான். அதுக்குத்தான் பிரிக்கும்போதே பென்சில்ல கோடு போட்டேன். அப்புறம் ஆல்கஹால் போட்டு நல்லா துடைச்சேன் பாரு, கோடும் சேர்ந்து போயிடுச்சு."

"அப்புறம்?"

"பக்கத்து மரையில ஏத்திட்டேன் போல. முடிவிலியில வெச்சா தூரத்துல இருக்கற கேபிடோலியோ கோபுரம் மங்கலா இருக்கு. கொஞ்சம் திருப்பினா தெளிவாயிடுது."

எவெலியோவின் கட்டைவிரல் பல்மேல் அப்படியே நின்றது. "கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம். வளையத்துல போட்டிருக்கற எண்ணெல்லாம் இனி சும்மா. ஆனா உனக்கென்ன வந்துச்சு? நீ எண்ணைப் பாத்தா படம் எடுக்கறே? கண்ணால பாத்துத்தானே எடுக்கறே." சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். "வேணும்னா சொல்லு, மறுபடி பிரிச்சுச் சரி பண்றேன். ரெண்டு மணி நேரம் ஆகும்."

ரெண்டு மணி நேரம் இருந்தது. கேட்டிருந்தால் செய்து கொடுத்திருப்பாள். ஆனால் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்பாளே?

"வேணாம், வேணாம்," என்றார் எவெலியோ. "அதான் கண்ணு இருக்கே."

கொஞ்சம் என்றால் ஒரு பல் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். எல்லாவற்றிலும் ஒரு பல் கூட்டி எண்ணினால் சரியாகிவிடும். வேறு வழியும் இல்லை.

எட்டு மணிக்கு ஓமாரா வந்தாள். அவள் வாடகைக்கு விடும் நீலக் கவுனுக்குள் இந்தத் தெருவில் ஏறி இறங்காத பெண் கிடையாது.

"பன்னண்டு மணிக்கு இன்னொருத்தி இதுக்குள்ள ஏறியாகணும். பன்னண்டேகாலுக்குக் கேட்டீங்கன்னா நான் கிடையாது, கவுனும் கிடையாது. ஏண்டி பொண்ணே, வேர்க்காம நில்லு. மூச்சைக்கூடச் சிக்கனமா விடு."

"செத்துப் போயிடட்டுமா ஓமாரா அத்தை?"

"கவுனைக் கழட்டிட்டுச் செத்துப் போ."

முதல் படங்கள் ஜன்னல் பக்கம், பின்னல் திரைச்சீலைக்கு முன்னால். உள்ளே வெளிச்சம் அதுதான். லியானெத் கயிற்றை இழுத்துக் கண்ணோரத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, ஆட்டுக்குட்டியைக் கட்டி இழுத்துட்டு வந்த மாதிரி இருக்கேன்."

"ஆட்டுக்குட்டி இவ்வளவு பேசாது."

நாலாவது முடிச்சு. இரண்டு மீட்டர். ஒன்பதும் ஒன்றும் பத்து. கயிற்றை விடச் சொன்னார். காசளவு வட்டத்துக்குள் ஒரு நீலம், அதற்கு மேல் ஒரு வெளுப்பு. அந்த வெளுப்புதான் மகள். சிரிக்கிறாளா, முறைக்கிறாளா தெரியாது. குரலை வைத்து அழுத்தினார்.

"அப்பா, இந்தத் தோடு நல்லா இருக்கா, வேற மாத்தவா?"

"இதுவே நல்லாத்தான் இருக்கு."

"நான் இன்னும் தோடே போடலப்பா."

"அதான் சொல்றேன். வெறும் காதே நல்லா இருக்கு."

வெள்ளைத் துணியை விரித்து வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்த இடால்மிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். லியானெத் சிரித்த சத்தம் கேட்கவில்லை.

துளையை இறுக்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தெரியும். லென்ஸின் துளை சின்னதாக ஆக, தெளிவு முன்னுக்கும் பின்னுக்கும் அகலமாகப் பரவும். குறி கொஞ்சம் தப்பினாலும் குடி முழுகாது. முழுக்கத் திறந்து வைத்தால், இரண்டு மீட்டரில் அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடத்தான் தெளிவு நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கரைந்துவிடும். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது, திறந்துதான் ஆக வேண்டும். மொட்டை மாடிக்குப் போனதும் வெயில் கொட்டியது. சத்தம் வராமல் துளை வளையத்தைத் திருப்பினார்.

"அப்பா, இறுக்காதே! பின்னாடி இலையெல்லாம் சுத்தணும். எனக்குச் சுழல் வேணும்."

அந்தச் சுழலுக்குத்தான் பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஹீலியோஸைத் திறந்து வைத்தால், பின்னாலிருக்கும் இலைகள் எல்லாம் முகத்தைச் சுற்றி நீர்ச்சுழி மாதிரி வட்டம் போடும். இறுக்கினால் அது போய்விடும்.

"சுழல் இல்லாட்டி போன்லயே எடுத்துக்கலாமே," என்றாள் இடால்மிஸ். "உனக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, மறுபடி முழுக்கத் திறந்தார். மூன்று மீட்டர், ஆறும் ஒன்றும் ஏழு. கயிறு காற்றில் ஆடியது.

இடையே லியானெத் ஓடிவந்து கேமராத் திரையில் பார்த்தாள். "சூப்பர்ப்பா!" என்றாள். உள்ளங்கை அகலத் திரையில் எந்தப் படமும் தெளிவாகத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் போட்டால்தான் குட்டு வெளிப்படும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வேண்டும்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஓமாரா கவுனை உருவிக்கொண்டு போனாள்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க ஒரே கூச்சல், யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள். மின்விசிறி முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. லியானெத் குளிக்கப் போனாள். இடால்மிஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எவெலியோ சுவரோர நாற்காலியில், சின்னக் கோப்பையில் ஆறிப்போன காபியோடு.

"ஐயோ, எவ்வளவு அழகா நிக்கறா" என்றாள் முதலில். பிறகு மவுஸ் சத்தம். ஒரு சொடுக்கு. இன்னொன்று. பிறகு வேகவேகமாக நிறைய.

சொடுக்குகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று.

"எவெலியோ."

"ம்."

"முகம் கலங்கியிருக்கு. திரைச்சீலை மட்டும் தெளிவா இருக்கு. ஓட்டை ஓட்டையா ஒவ்வொரு பின்னலையும் எண்ணலாம்."

"ஒண்ணு ரெண்டு அப்படி ஆகும்."

"இருநூத்திப் பதினாலு படம். எல்லாமே அப்படித்தான்."

"அவ ஆடிட்டே இருந்தா. பொண்ணு நிக்கமாட்டேங்கறா."

"ஆடினா படம் இழுபட்டிருக்கும். இது இழுபடல." நாற்காலி அவர் பக்கம் திரும்பும் சத்தம். கடிகாரத்தைப் பிரித்து, எந்தச் சக்கரம் எந்தச் சக்கரத்தை நிறுத்தியது என்று தேடும்போது பேசும் குரல் அது. நிதானமாக, கோபம் இல்லாமல். அந்தக் குரலைக் கேட்டால்தான் அவருக்குப் பயம். "கேளு. பாத்து எடுக்கறவன் தப்பு பண்ணினா, ஒரு படத்துல முன்னாடி தப்பும், இன்னொண்ணுல பின்னாடி தப்பும். நடுவுல பத்து சரியாவும் விழும். இதுல ஒண்ணுகூட முன்னாடி இல்ல. கிட்ட எடுத்ததுல கொஞ்சம் பின்னாடி. ஜன்னல்கிட்ட அரை மீட்டர் பின்னாடி. மாடியில எடுத்ததுல ரொம்பப் பின்னாடி, பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியில போய் நிக்குது. நான் மரையைத் தப்பா ஏத்தினேனே, அந்தத் தப்பு அப்படியே இங்க இருக்கு."

எவெலியோ கோப்பையைத் தரையில் வைத்தார்.

"என் தப்பு படத்துல வரவே கூடாது எவெலியோ. கண்ணால பாக்கறவனுக்கு மரை எங்க இருந்தா என்ன? மங்கலா இருந்தா திருப்புவான், தெளிவானா நிறுத்துவான். என் தப்பு படம் வரைக்கும் வரணும்னா, எடுத்தவன் பாக்கவே இல்லைன்னு அர்த்தம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"உன் வாய் அசைஞ்சுது. ஒவ்வொரு படத்துக்கும். பொண்ணுக்காக வேண்டிக்கறேன்னு நினைச்சேன். எண்ணிட்டிருந்தியா?"

"பல்லை எண்ணினேன்" என்றார். "ஒரு பல் கூட்டித்தான் எண்ணினேன். போதல."

"நான் கேட்டேனே. மறுபடி பிரிக்கவான்னு கேட்டேனே!"

"பிரிச்சிருந்தா எதுக்குன்னு கேட்டிருப்பே."

அவள் எழுந்து வந்தாள். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தது, வெயிலில் காய்ந்த அவள் தலைமுடி வாசனையில் தெரிந்தது.

"இப்ப எத்தனை விரல்?"

அவர் தேடினார். வட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "கையே எங்கன்னு தெரியல."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

சொன்னார். ஒன்பது நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வருஷக் கடைசி என்பதையும் சொன்னார்.

"எப்ப சொல்றதா இருந்தே?"

"நீங்க அங்க போய்ச் சேர்ந்த பிறகு."

"போன்லயா?"

"ஆமா."

"ஒரு வருஷத்துல வர்றேன்னு சொன்னது?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இடால்மிஸ் அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் திருப்பிச் சண்டை போட்டு, போய்த் தொலை என்று விரட்டிவிடலாம். அந்த ஒரு வழிதான் பாக்கி இருந்தது. அவள் அதையும் செய்யவில்லை. அவருடைய வலது கையை எடுத்து, கட்டைவிரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். பற்களில் உரசி உரசி அங்கே தோல் தடித்திருந்தது. இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று அவள் முணுமுணுத்தது, தன்னையே கேட்டுக்கொள்வது போல இருந்தது.

"என் படம் எதுவுமே வரலையா?"

லியானெத்தின் குரல். குளியலறைக் கதவோரம் எப்போதிலிருந்து நிற்கிறாளோ. தரையில் நீர் சொட்டியது.

"வரலடி" என்றாள் இடால்மிஸ்.

"தோடு விஷயத்துலயே எனக்குத் தெரிஞ்சுது. இல்லைன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்." பெண் மூக்கை உறிஞ்சினாள். "ஓமாரா அத்தைகிட்ட நாளைக்கு ஒரு மணி நேரம் கேக்கலாம்ல? அம்மா பாத்துத் திருப்பட்டும், அப்பா அமுக்கட்டும்."

"அந்தக் கவுனுக்கு அடுத்த மாசம் வரைக்கும் ஆள் இருக்கு."

"அப்ப விடு." பிறகு வேறொரு குரலில் கேட்டாள். "அம்மா, நாம வெள்ளிக்கிழமை போறமா, இல்லையா?"

எவெலியோ முந்திக்கொண்டார். "போறீங்க. அதுல என்ன சந்தேகம்? எல்லாம் முடிவாயிடுச்சு."

"நான் அம்மாவைக் கேட்டேன்."

கீழே தெருவில் ஐஸ் விற்பவன் மணி அடித்துக்கொண்டு போனான். இடால்மிஸ் அவர் கட்டைவிரலைத் தடவுவதை நிறுத்தினாள்.

"போறோம்" என்றாள்.

"நிஜமாவா?"

"போறோம்னு சொன்னேன்ல. தலையைத் துவட்டு முதல்ல."

இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். வாடிக்கைக்காரர்களிடம் "நாளைக்கு ரெடியாயிடும்" என்று அவள் சொல்வதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். பொய் சொல்லும்போதும் உண்மை சொல்லும்போதும் அந்தக் குரலில் ஒரு வித்தியாசமும் இருக்காது. முகம் அப்படி இல்லை. பொய் என்றால் மேலுதடு ஒரு பக்கமாக ஏறும். ஒரே ஒரு பார்வை போதும், உடனே பிடித்துவிடுவார். குரல் வந்த திசையில் அந்தக் காசளவு வட்டத்தைத் திருப்பினார். அங்கே ஒரு வெளுப்பு இருந்தது. அது முகமா, பின்னாலிருந்த சுவரா என்றுகூடத் தெரியவில்லை.

"இடால்மிஸ். என்கிட்டயாவது சொல்லு."

அவள் அவர் கையை மெல்ல அவர் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். உள் அறையில் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு துணிகளின் சரசரப்பு, வெகு நேரம். உள்ளே வைக்கிறாளா, வெளியே எடுக்கிறாளா என்று எவெலியோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.